எமோசி குறைத்துக்கொண்ட ஸ்வரங்கள்

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை ஒத்திகைக்குப் புறப்படும்போதும் லோசனா கணவனின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடங்கியிருந்து பழக்கமில்லாத கைகள் அவை. பேஸ் கிட்டாரில் மற்றவர்கள் ஒரு ஸ்வரம் தொடுகிற இடத்தில் எமோசி ஏழெட்டு தொடுவான். பாட்டில் எங்கே சந்து கிடைத்தாலும் உள்ளே புகுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவான். சிங்கடோகா சந்தையில் கிழங்கு விற்கிறவர்கள்கூட அவனை 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷன் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. அவர்கள் சொன்னது அவன் கிட்டாரை.

அந்த வாயாடிதான் போன மாதம் திடீரென்று ஊமையாகிப் போனான். ஒரு ஸ்வரம் போடுவான். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். பிறகு இன்னொன்று. மறுபடியும் நிற்பான்.

ஏன் என்று கேட்டால், "சும்மாதான்."

சும்மா எந்த ஆம்பளையும் மாறுவதில்லை என்பது லோசனாவின் கட்சி.

போன வாரம் நடந்ததும் அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. கிட்டாருக்குக் கம்பி வாங்கப் போகிறேன் என்று நாண்டிக்குப் பஸ் ஏறியவன் சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்தான். கடை மூடியிருந்ததாம். மறுநாள் மீன் வாங்கப் போன இடத்தில், மீன் விற்கிற உனாய்சி சொன்னாள்: "உன் வீட்டுக்காரரை நேத்து டெனராவ் பேண்டோட வேன்கிட்ட பார்த்தேன். நல்லா சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தார்."

டெனராவின் பெரிய ஹோட்டல்களில் வாயாடிகளுக்கு வேலை கிடையாது. சாப்பிடுகிறவர்களின் பேச்சுக்குக் கீழே, இருப்பதே தெரியாமல், பேஸ் நடக்க வேண்டும். புது இடத்துக்குப் போகிறவன் இப்போதிருந்தே கையை அடக்கிப் பழகுகிறான் என்று லோசனா முடிச்சுப் போட்டுவிட்டாள். முடிச்சைப் போட்டாளே தவிர, அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் சும்மாதான் என்பான்.

"பார்த்துக்கிட்டே இருக்கியே, என்ன?" என்றான் எமோசி.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

அவன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

தோவு பேண்ட் என்பது குடும்பத்து பேண்ட். லோசனாவின் அண்ணன் லிவாய் டிரம்ஸ் வாசிப்பார், தலைவரும் அவரே. அவர் மகன் இலைசா கிட்டார். லோசனா பாடுவாள். எமோசி, வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து பேஸ்.

ஆற்றோரத்தில் லிவாயின் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகர ஷெட்டில்தான் ஒத்திகை. யங்கோனா வேர்ப் பானத் தொட்டியைச் சுற்றிப் பாய் விரித்திருந்தது. இலைசா ஏற்கெனவே கரைத்து வைத்துவிட்டு, சிரட்டையால் கலக்கிக்கொண்டிருந்தான். லிவாய் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக வெறுங்காலோடு வாசிக்கிறவர் இன்றைக்கும் ஷூ போட்டிருந்தார்.

எமோசியின் வாசிப்பைப் பற்றி இந்த ஷெட்டில் நடக்காத சண்டை இல்லை.

"மச்சான், பேஸ்னா வீட்டுக்குத் தூண் மாதிரி. தூண் எங்கயாவது டான்ஸ் ஆடுமா?" என்பார் லிவாய்.

"உங்க வீடு சாயாம இருந்தா நான் ஏன் ஆடப்போறேன் மச்சான்?" என்பான் எமோசி.

இருவரும் மச்சான் முறை. என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். கோபித்துக்கொண்டால்தான் தப்பு.

லோசனாவுக்கு அந்த வசதி கிடையாது. அண்ணனும் தங்கையும் வளர்ந்து ஆளான பிறகு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை அவள் அண்ணி கெலெராவிடமோ எமோசியிடமோ சொல்லி அனுப்புவாள். மேடையில் அவள் முன்னால் நின்று பாடுவாள். பின்னாலிருந்து அவர் அடிப்பார். அண்ணனோடு அவளுக்கு இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

இன்று மாலை கடற்கரை ஹோட்டலில் ஒரு ஆஸ்திரேலியக் கல்யாணம். இதில் பெயர் வாங்கினால் சீசன் முழுக்க வார இறுதிகள் தோவு பேண்டுக்குத்தான் என்று ஹோட்டல் மேலாளர் டெபி சொல்லியிருந்தாள். மணமக்கள் முதலில் ஆடப்போகிற பாட்டை எடுத்தார்கள்.

முதல் அடி நன்றாகத்தான் போனது. இரண்டாவது அடியில் லோசனாவுக்கு மூச்சு போதவில்லை. எப்போதும் ஒரே மூச்சில் பாடிவிடுகிற வரி, பாதியில் அவளை விட்டுவிட்டு நின்றது. பாட்டு தளர்ந்துகொண்டே போனது. எமோசி ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

இலைசா கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தினான்.

"மாமா, தூக்கம் வருதா?"

"இல்லடா."

"அப்புறம் ஏன் இப்படி இழுக்கிறீங்க? பாட்டு நொண்டியடிக்குது. இதுக்கு நீங்க பழையபடி லொடலொடன்னு வாசிச்சதே தேவலாம்."

"நான் போட வேண்டிய இடத்துலதான் போடறேன்."

"எந்த இடம்? அத்தை எங்கயோ பாடறாங்க, நீங்க எங்கயோ இருக்கீங்க. மனசு வேற எங்கயாவது இருந்தா சொல்லிடுங்க மாமா. டெனராவ்ல இருந்தாலும் சரி."

பேச்சு அவன் காதுக்கும் போயிருக்கிறது. லோசனா கணவனின் முகத்தைப் பார்த்தாள். அங்கே எதுவும் தெரியவில்லை.

"விடுடா" என்றார் லிவாய் பின்னாலிருந்து. "எமோசி சரியாத்தான் வாசிக்கிறான்."

மச்சானின் வாசிப்பை லிவாய் சரி என்று சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் மரியாதைக்குக்கூடச் சொன்னதில்லை.

எமோசியும் அதற்கு ஒரு கேலி சொல்லவில்லை. அதுதான் லோசனாவை இன்னும் உறுத்தியது. திட்டவேண்டியவர் திட்டவில்லை, திருப்பிக்கொடுக்க வேண்டியவன் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு எதையோ மூடுகிறார்கள்.

வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் தேநீரும் கொண்டுவந்த கெலெரா, தட்டை ஓசைப்படும்படி வைத்துவிட்டுத் திரும்பினாள். லோசனா அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போனாள்.

"அண்ணி, இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன நடக்குது?"

"என்ன நடக்கணும்?"

"அண்ணன் அவரைப் பாராட்டறாரு."

"பாராட்டினா குத்தமா?"

"நீங்களும் மறைக்கிறீங்க அண்ணி."

கெலெரா கொதிக்காத கேத்தலின் மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடினாள். "யங்கோனா தொட்டிகிட்ட ஆம்பளைங்க பேசறதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? போ, ஈவ்னிங் பாட்டு கெட்டுப்போகாம பார்த்துக்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை லோசனா பார்த்தாள்.

ஹோட்டலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. புல்வெளியில் வெள்ளை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இலைசாவும் லிவாயும் டிரம்ஸை இறக்கி மேடையில் வைத்துக்கொண்டிருக்க, எமோசியை மட்டும் காணவில்லை.

உடை மாற்றப் போன லோசனா, சமையலறைக்குப் பின்னால் சாமான் லாரிகள் நிற்கிற இடத்தில் அவன் குரலைக் கேட்டாள். நின்றாள்.

"இன்னைக்கு வேணாம். அவர் முன்னாடி வேணவே வேணாம்."

"நான் ரெடியாத்தான் வந்திருக்கேன் அண்ணே. பாட்டெல்லாம் கேட்டுட்டேன். நீங்க சொல்ற நிமிஷம் உட்காருவேன்."

எட்டிப் பார்த்தாள். எமோசியோடு நின்றவன் மனோவா. டெனராவ் பேண்டில் வாசிக்கிறவன். கையில் ஒரு துணிப்பை. பின்பாக்கெட்டிலிருந்து இரண்டு டிரம்ஸ் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

இவ்வளவு நாளும் புருஷன் பேண்டை விட்டுப் போகப்போகிறான் என்று நினைத்திருந்தாள். போகிறவன் அவன் இல்லை. அனுப்பப்போவது அவள் அண்ணனை.

அவள் முன்னால் வந்ததும், "புலா, அக்கா" என்று வணக்கம் சொல்லிவிட்டு மனோவா லாரிகளுக்கு நடுவே நழுவிவிட்டான்.

"எங்க அண்ணனை எழுப்பிட்டு இவனை உட்கார வைக்கப் போறீங்களா?"

"மெதுவாப் பேசு லோ."

"அதுக்குத்தானா இந்த ஒத்தை ஸ்வரம்? பாட்டு படுத்துடும், எல்லாரும் டிரம்ஸைத்தான் குறை சொல்வாங்க, அப்புறம் இவனைக் கொண்டுவந்து உட்கார வைக்கலாம். அப்படித்தானே?"

எமோசி அவளை நிமிர்ந்து பார்த்தான். அடி வாங்கியவன் பார்ப்பதுபோல இருந்தது.

"வாயைத் திறங்க. மேடையிலயும் ஊமை, இங்கயும் ஊமையா?"

"உங்க அண்ணன்கிட்ட கேளு."

"நான் அவர்கிட்ட நேரா பேசறதில்லைன்னு தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்" என்றான் அவன். "நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். இன்னொருத்தருக்கும் கொடுத்திருக்கேன். ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். இதுக்கு மேல என்னைக் கேட்காதே."

"இன்னொருத்தர் யாரு?"

டெபி புல்வெளியிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டாள். மணமக்கள் வந்துவிட்டார்கள்.

மணப்பெண் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு புல்லில் இறங்கினாள். மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்தான். லிவாய் குச்சிகளைத் தட்டி எண்ண, பாட்டு தொடங்கியது.

லோசனா பாடினாள். உதடு பாடிக்கொண்டிருந்ததே தவிர, காது முழுக்கப் பின்னால் இருந்தது.

காலையில் நடந்ததேதான் இப்போதும் நடந்தது. இரண்டாவது அடிக்கு வரும்போது பாட்டு தளர்ந்தது. மணப்பெண் ஒரு காலடி வைத்துவிட்டு அடுத்ததை எப்போது வைப்பது என்று தெரியாமல் தடுமாறி, வெட்கத்தோடு சிரித்தாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் பேண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். டெபி கைகளைக் கட்டிக்கொண்டாள். இலைசா எமோசியை முறைத்தான்.

வரி முடிந்த இடைவெளியில் லோசனா திரும்பினாள்.

எமோசி யாரையும் பார்க்கவில்லை. அவன் கண் லிவாயின் வலது காலின் மேல் இருந்தது. பெரிய டிரம்மின் மிதியில் வைத்திருந்த கால் அது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கால் ஒருமுறை அழுத்தியது. அடுத்தமுறை அரைகுறையாக இறங்கியது. அதற்கடுத்த முறை மிதியிலிருந்து பக்கவாட்டில் வழுக்கிவிட்டது. லிவாய் குனிந்து, தன் கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடிப் பார்த்து, எடுத்து வைத்தார்.

கால் இறங்கிய நேரத்தில்தான் எமோசியின் ஒற்றை ஸ்வரமும் இறங்கியது. தாமதமானால் அதுவும் தாமதம். அவன் தாளத்தைக் கெடுக்கவில்லை. அவள் அண்ணனின் காலை அப்படியே ஒட்டிப் போய்க்கொண்டிருந்தான்.

எமோசி நிமிர்ந்து லிவாயைப் பார்த்தான். லிவாய் தலையை அசைத்தார். வேண்டாம் என்று.

மணப்பெண் நின்றே விட்டாள்.

அப்போது எமோசியின் விரல்கள் அவிழ்ந்துகொண்டன. நாலு கம்பியிலும் ஓடின, மேலே ஏறின, கீழே விழுந்தன. பாட்டு துள்ளி எழுந்தது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மணப்பெண்ணைச் சுற்றிவிட்டான். யாரோ கைதட்டத் தொடங்க, நாற்காலிகள் காலியாகிப் புல்வெளி நிறைந்தது.

லோசனா பாடிக்கொண்டே கேட்டாள். புருஷனின் வாசிப்பை இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்கிறாள் என்று தோன்றியது. பெரிய டிரம் ஒலிக்காமல் போன ஒவ்வொரு இடத்திலும் அவனுடைய ஒரு ஸ்வரம் சரியாக விழுந்தது. அதைச் சுற்றி அவன் போட்ட மற்றதெல்லாம் யாருக்கும் சந்தேகம் வராமலிருக்கப் போட்ட அலங்காரம். ஆரம்பத்தில் எமோசி திமிரில்தான் அப்படி வாசித்தான், அது நிச்சயம். அந்தத் திமிர் எந்த நாளில் காவலாக மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இடைவேளை விட்டதும் இலைசா குளிர்பானம் எடுக்கப் போனான். லிவாய் மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டியின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். லோசனா போய், கொஞ்சம் தள்ளி, புல்லில் உட்கார்ந்தாள்.

"அண்ணா."

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு எமோசியோ கெலெராவோ பக்கத்தில் இருக்கிறார்களா என்று தேடினார். யாருமில்லை.

"உங்க கால் இறங்க மாட்டேங்குது அண்ணா."

"இறங்குது" என்றார் லிவாய். "இறங்கிச்சா இல்லையான்னு எனக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

"எப்பலேர்ந்து?"

"போன மழைக்காலத்துக்கு முன்னாடியே. சர்க்கரை இருக்கில்ல, அதான். கொஞ்சம் மரத்துப்போகுது. வேற ஒண்ணுமில்ல."

"அதுக்கு ஏன் அவரைக் குறைச்சு வாசிக்கச் சொன்னீங்க?"

"அவன் சொல்லிட்டானா?"

"அவர் எதையும் சொல்லலை. நானே பார்த்தேன்."

லிவாய் கையிலிருந்த குச்சிகளை உருட்டினார். "எல்லாம் நல்லாத்தான் போகுதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒருநாள் ஒத்திகைக்கு அவன் வரலை. அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது, எத்தனை அடியை நான் விடறேன்னு. இவன் ஓடி ஓடி அடைச்சுக்கிட்டிருந்திருக்கான். ஒரு வார்த்தை சொல்லலை, திருட்டுப்பய. அதான் கூப்பிட்டுச் சொன்னேன், இனிமே என்னை மூடாதேடா, என் கால் எங்க இறங்குதோ அங்க மட்டும் போடு, நான் இன்னும் டிரம்மரா இல்லையான்னு எனக்குக் கேட்கணும்னு."

"கேட்டுச்சா?"

"இன்னைக்குக் கேட்டுச்சு."

லாரிகளுக்குப் பக்கத்தில் புருஷனைப் பார்த்துத் தான் சொன்னதெல்லாம் லோசனாவுக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஒன்று மட்டும் பொருந்தவில்லை.

"அப்ப மனோவாவை வரச்சொன்னதும் நீங்கதானா?"

"எந்த மனோவா?"

அவர் முகத்தில் நடிப்பில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

எமோசி சொன்ன அந்த இன்னொருத்தர் யார் என்று அவள் யோசிக்கத் தொடங்குவதற்குள், மேடையின் பக்கவாட்டிலிருந்து மனோவாவே வந்து நின்றான். துணிப்பை இப்போது காலியாகத் தோளில் தொங்கியது. அதற்குள் இருந்ததை உடுத்தியிருந்தான். லிவாயும் எமோசியும் இலைசாவும் போட்டிருந்த அதே பச்சைச் சட்டை. அதே பெரிய வெள்ளைப் பூ. கடையில் கிடைக்கிற சட்டை இல்லை அது. பேண்டுக்கென்று துணி எடுத்து, அளவு பார்த்துத் தைக்கிறவள் ஒருத்திதான்.

அவள், கெலெரா, அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். கூடவே எமோசி, தடுக்க வந்து முடியாமல் போனவனைப்போல.

லிவாய் சட்டையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"நீ தைச்சதா?"

"நான்தான் தைச்சேன். எமோசியை நாண்டிக்கு அனுப்பி இந்தப் பையனைக் கேட்கச் சொன்னதும் நான்தான். அவர் வேணாம்னுதான் சொன்னார்."

"எனக்குத் தெரியாம?"

"தெரிஞ்சா ஒத்துக்குவீங்களா?"

"கொஞ்சம் மரத்துப்போனதுக்கு இவ்வளவு கூத்தா, கெலெரா?"

கெலெரா லோசனாவின் பக்கம் திரும்பினாள். காலையில் திருப்பிக்கொண்ட முகம் இப்போது நேராகப் பார்த்தது. கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

"கால்விரல் கறுத்துப்போய் வாரக்கணக்காகுது. அதை மறைக்கத்தான் ஷூ. செவ்வாய்க்கிழமை லவுடோகாவுல ஆபரேஷன். கணுக்காலோட போகுமா, முட்டி வரைக்கும் எடுக்கணுமான்னு டாக்டர் சொன்னதை உங்க தங்கச்சிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

குளிர்பானப் பாட்டில்களோடு வந்த இலைசா அங்கேயே நின்றுவிட்டான்.

எமோசியின் முகத்திலும் ரத்தம் இல்லை. கால் மரத்துப்போவது வரைதான் அவனுக்கும் தெரிந்திருக்கிறது என்பதை லோசனா பார்த்தாள்.

மேடையில் விளக்குகளைப் போட்டார்கள். டெபியின் குரல் கேட்டது: "ரெடியா? எல்லாரும் ஆடக் காத்திருக்காங்க."

லிவாய் எழுந்தார். மனோவா தயங்கி ஒரு அடி முன்னால் வந்து கையை நீட்டினான். லிவாய் குச்சிகளை அவனிடம் கொடுக்கவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு, வலது காலை எங்கே வைக்கிறோம் என்று குனிந்து பார்த்துப் பார்த்து, மேடைப் படியில் ஏறினார்.

மேலே போய் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "எமோசி. ஒத்தை ஸ்வரம்தான். இந்தத் தடவை வாக்கை மீறாதே."

எமோசி கிட்டாரை மாட்டிக்கொண்டு லோசனாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"லோ, நீ சொல்லு" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நான் எப்படி வாசிக்கட்டும்?"

புல்வெளியில் ஜனம் காத்திருந்தது. பின்னால் அவள் அண்ணன் குச்சிகளைத் தட்டி எண்ண ஆரம்பித்துவிட்டார்.